சுனைப் பாதையில் நான் பூசிய காவி

எனக்குப் பொறுமை கிடையாது. பிறவியிலேயே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு வருவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். பஸ்ஸுக்கு நின்றால், அது வருகிற திசையில் கால் மைல் நடந்து போய் எதிர்கொண்டு ஏறுவேன். "எட்டாம் மாசத்துலயே வெளிய குதிச்சவன்தான இவன்" என்று என் தாயார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். திருமயம் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் என்றுதான் ஆபீசில் எனக்குப் பெயர். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. நான் சொல்லப்போகும் காரியம் அந்தப் பெருமையில்தான் ஆரம்பித்தது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு வரிசை. கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் ஓடியது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அப்போதுதான் சமஸ்தானத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஊருக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கும் மொட்டைப் பாறை மலையையும், அடிவாரத்துப் புளியந்தோப்பையும் பொதுப் பூங்காவாக விட்டிருக்கிறது, ஜனங்கள் காற்று வாங்க மலைமேல் போகலாம் என்று. போகலாம் என்பதோடு உத்தரவு முடிந்துவிட்டது. எந்த வழியாகப் போவது என்று அதில் இல்லை.

மலை பெரிது இல்லை. அடியிலிருந்து உச்சிக்கு அரை மணி நேரம். ஆனால் முக்கால்வாசியும் வெறும் பாறை. உச்சியில் ஒரு சுனை உண்டு, கோடையிலும் வற்றாது. ஆடு மேய்க்கிறவர்கள் முன்பு ஏறிய தடம் பாதி சூரை முள்ளுக்குள் போய்விட்டது, மீதியை மழை அரித்துவிட்டது. வாசகசாலையில் கூடுகிற நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அதை நாமே சீர்செய்து, படி கட்டி, காணும் பொங்கலன்று குடும்பம் குட்டியோடு ஏறுவது என்று முடிவு செய்தோம். தலைமைக்கு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், கேலிக்கு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், அவசரத்துக்கு நான்.

முதல் ஞாயிறு கடப்பாரையால் பாறையைக் குத்து குத்தென்று குத்தினோம். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் உள்ளங்கைதான் கொப்புளித்தது. "ஆஸ்பத்திரிய இங்கிட்டே தூக்கிட்டு வந்துரலாம் போலருக்கே" என்று கம்பவுண்டர் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தார். தோப்பு ஓரத்தில் ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். பக்கத்து ஊருக்கு வெளியே சேரியில் குடியிருந்தவர். கல் உடைப்பதுதான் தொழில். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தள்ளி நின்றபடியே ஹெட்மாஸ்டரிடம் கேட்டார்.

"அய்யா, இந்த மலையில சாமி எதும் இல்லீங்கள்ல?"

"இல்லப்பா. கோயில் இல்ல, ஒண்ணும் இல்ல. அதனாலதான் இதைப் பூங்காவா விட்டிருக்காங்க."

"அப்ப யாரு வேணாலும் ஏறலாமுங்களா?"

"யாரு வேணாலும் ஏறலாம். பொது."

இரண்டாவது தடவையும் அதையே கேட்டார். ஹெட்மாஸ்டரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகுதான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். ஒரு சிறு சுத்தியலால் பாறையை அங்கங்கே தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று காதைச் சாய்த்தார். "இங்க பொத்தலாக் கெடக்குங்க. ஆப்பு வச்சா பலகையா வரும்" என்றார். மத்தியானத்துக்குள் வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் காலையிலிருந்து செய்ததைவிட அவர் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் அதிகம் செய்துவிட்டார்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அன்றைக்கு நான் அவரை "வாப்பா, போப்பா" என்றுதான் பேசினேன். அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் கை "அவர்" என்றுதான் எழுதுகிறது. இந்த மரியாதை இப்போது யாருக்கு வேண்டும்?

இரண்டாம் வாரம் ஹெட்மாஸ்டர் அவரிடம், நாங்கள் எல்லாம் தொண்டு செய்கிறவர்கள், உன்னிடம் சும்மா வேலை வாங்குவது முறையில்லை, என்ன வேண்டும் சொல் என்று கேட்டார். அவர் கையிலிருந்த சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கூலி ஒண்ணும் வேணாங்க. பாதை தெறக்குற அன்னைக்கு எங்க வீட்டுல உள்ளவளையும் எல்லாரோடயும் சேத்து மேல கூட்டிக்கிட்டுப் போகணும். அவ ஊரு மேல நின்னு பாத்தா தெரியும்ங்க. அவளுக்கு அத ஒரு தரம் பாக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

விஷயம் பிறகு ஒரு நாள் முள் வெட்டும்போது தெரிந்தது. அவர் மனைவிக்கு வடக்கே மூன்று மைலில் பிறந்த ஊர். அப்பன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு இவரோடு வந்துவிட்டாள். இனி ஊர் எல்லையை மிதித்தால் என் பிணத்தைத்தான் பார்ப்பாய் என்று அப்பன் சொல்லிவிட்டான். ஆறு வருஷம் ஆகிவிட்டது. நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் போக முடியாது. மலை உச்சியிலிருந்து அந்த ஊர்க் கண்மாயும், கரைமேல் இருக்கும் ஆலமரமும் தெரியும் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். ஆடு மேய்க்கிற தடத்தில் அவளைத் தனியாக ஏற்றிப் போகப் பயம். ஒரு தடவை பாதி ஏறி, முள்ளில் மாட்டி, வழி தெரியாமல் இருவரும் இறங்கிவிட்டார்களாம்.

அதனால்தான் அவர் படிகளை அப்படிப் போட்டார். எனக்குப் படி ஒன்றுக்கு ஒரு முழ உயரம் இருந்தால் சீக்கிரம் முடியும். அவர் ஒரு சாணுக்கு மேல் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "ஏம்ப்பா, இப்படிப் போட்டா தைக்குள்ள முடியுமா?" என்று கத்தினேன். "சேலை கட்டுனவுக ஏறணும்லங்க" என்றார். கம்பவுண்டர் என் தோளைத் தட்டி, "ஒனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பறம் சாணு என்ன, முழம் என்னன்னு தெரியும்" என்றார். படிகள் சாண் உயரத்திலேயே வந்தன. இன்றைக்கும் அந்த மலையில் முழங்கால் வலிக்காமல் ஏறலாம்.

ஆடியில் தொடங்கி ஐப்பசிக்குள் படி வேலை முக்கால்வாசி முடிந்தது. மிச்சம் இருந்தது மொட்டைப் பாறைப் பகுதி. அங்கே படி தேவையில்லை, சரிவு குறைவு. ஆனால் வழி தெரியாது. பாறையில் கால்தடம் பதியுமா? எங்களிலேயே இரண்டு பேர் ஒரு நாள் மேற்குப் பக்கம் இறங்கிப்போய் வேட்டி கிழிந்து, அந்தி சாய்ந்து ஊர் திரும்பினார்கள். இருபதடிக்கு ஓர் அடையாளம் பெயிண்டில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பெயிண்டுக்குத் திருச்சிக்கு எழுதினோம். பெயிண்டெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, பார்த்து அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். பஸ் வரும்போதெல்லாம் ஆபீசை விட்டு ஓடிப்போய் மேற்கூரையில் பார்சல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் என்னால் முடியவில்லை. உடம்பெல்லாம் அரித்தது.

கோயில் மராமத்து மேஸ்திரியிடம், தேர்த் திருவிழாவுக்கு மதில் பூசி மிஞ்சிய காவிக்கட்டி இருந்தது. சுண்ணாம்பு எங்கேயும் கிடைக்கும். மழையில் கரையாமல் இருக்கக் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைக்கச் சொல்லி அந்த மேஸ்திரியே கற்றுக்கொடுத்தார். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு வாளியோடு மலைக்குப் போனேன். கல்லுடைக்கிறவர் அங்கே ஒரு படியின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். வாளிகளைப் பார்த்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ள மட்டும் போதுங்க. காவி வேணாங்க."

"வெள்ளை எப்படிப்பா தெரியும்? பாறை பூரா பருந்து எச்சம். எது நான் போட்டது, எது பருந்து போட்டதுன்னு யாரு கண்டா?"

"பெயிண்டு வரட்டுமேங்க."

"வந்துச்சு! தைப்பொங்கல் வந்துரும், பெயிண்டு வராது."

அவர் உளியை எடுத்துக்கொண்டு படிக்குத் திரும்பினார். ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு நின்றால்தானே? நாற்பது இடத்துக்கு மேல், முழ உயரத்துக்கு, ஒரு வெள்ளைப் பட்டை ஒரு காவிப் பட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டேன். பாறைப் பகுதி தொடங்குகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தனிக் கல் நிற்கும்; அதற்கு மட்டும் நாலு பக்கமும் பட்டை அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கே மனம் நிறைந்தது. மறுநாள் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, மலையக் கொண்டுபோயி கோயில் மதிலாக்கிப்புட்ட" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாலாம் நாள் பஸ்ஸில் பெயிண்ட் வந்தது. பச்சைப் பெயிண்ட், ஒரு டின். அதை என் மேஜைக்கு அடியில் வைத்தேன். போட்டாகிவிட்டது, ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்வது என்று நினைத்தேன்.

கார்த்திகையில் அடைமழை. மழை விட்டு நாங்கள் போனபோது பட்டைகள் புதிதாக அடித்தது மாதிரியே இருந்தன. கடுக்காய்ச் சாறு வேலை செய்திருக்கிறது என்று பெருமையாகத் தடவிப் பார்த்தேன். அந்தத் தனிக் கல்லின் தலையில் ஒரு செவ்வந்திப்பூ இருந்தது. அடிவாரத்து ஊரில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி, மழையில் காணாமல் போன சினை ஆடு கிடைக்க வேண்டும் என்று பட்டை போட்ட கல்லிடம் வேண்டிக்கொண்டாளாம். ஆடு கல்லுக்குப் பின்னாலேயே குட்டிகளோடு நின்றதாம். ஆடு மழைக்கு அங்கே ஒதுங்காமல் வேறெங்கே ஒதுங்கும்?

அன்றைக்குச் சாயங்காலம் கல்லுடைக்கிறவர் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமாக அவ்வளவு கிட்டே வர மாட்டார்.

"இப்பவே சுரண்டிருவோம்ங்க. ஒரு பூவுதான விழுந்துருக்கு. நான் உளி வச்சுக் கொத்தி எடுத்துர்றேன். பச்சப் பெயிண்டுதான் வந்துருச்சுங்கள்ல."

"ஒரு பூவுக்குப் போயி நாற்பது இடத்தைக் கொத்தணுமா? போப்பா, நீ வேற."

ஹெட்மாஸ்டரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஹெட்மாஸ்டருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஜனங்க நம்ம பாதையை மதிக்க ஆரம்பிச்சுட்டாங்க, பாத்தீங்களா" என்று வாசகசாலையில் பேசினார். அடுத்த வாரம் கல்லின் முன்னால் தேங்காய் ஓடு கிடந்தது. அதற்கடுத்த வாரம் மஞ்சள் துணி. மார்கழி பாதி கழிந்ததும் யாரோ கல்லுக்குக் கண் வைத்துவிட்டார்கள். வெள்ளியில் இரண்டு கண், என்னைப் பார்க்கிற மாதிரியே. வாளிகளைப் பார்த்ததும் கல்லுடைக்கிறவர் உளியைக் கீழே வைத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சோற்று மூட்டை, பாய், குழந்தைகளுக்குக் கரும்பு என்று ஆயிரம் வேலை. ஓடிக்கொண்டே இருந்தால் ஞாபகம் நிற்காது. ஓடினேன்.

காணும் பொங்கல் காலை. புளியந்தோப்பில் எங்கள் குடும்பங்கள் எல்லாம் கூடிவிட்டன. பெண்கள் தலையில் பூ, கையில் தூக்குச்சட்டி. கல்லுடைக்கிறவர் மனைவியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிவப்புச் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. தோப்பின் கடைசி மரத்தடியில் அவர் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதானுங்களா அவசரக்கார அய்யா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது எனக்குச் சட்டென்று கூச்சமாக இருந்தது.

படிகள் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில், கண் வைத்த கல்லுக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் அடிவாரத்து ஊர்த் தலைவரும் பத்துப் பேரும் நின்றார்கள். தலைவரை அம்பலம் என்பார்கள். நல்ல மனிதர்தான், முள் வெட்ட அரிவாள் கொடுத்தவர். கைகூப்பி எங்களை வரவேற்றார்.

"தாராளமா போங்க. செருப்ப மட்டும் இங்க கழட்டிருங்க. சாமி ஒக்காந்த எடம்."

பிறகு கடைசியில் வந்துகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "அவுக மட்டும் வேணாம்ங்க."

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இது பொதுப் பார்க்குங்க. சர்க்கார் உத்தரவு இருக்கு. யாரு வேணாலும்..."

"உத்தரவு மலைக்குத்தானுங்க. கல்லுல சாமி வந்ததுக்கு உத்தரவு ஏது? நாங்களா கொண்டாந்து வச்சோம்? கோயிலுக்கு அடிக்கிற பட்டைய இந்தக் கல்லுக்கு அடிச்சது யாரு? நீங்கதான அடிச்சீங்க?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். வாயில் வார்த்தை தயாராக இருந்தது. 'நான்தான் அடித்தேன். வழி தெரிவதற்காக அடித்தேன். பெயிண்ட் வரவில்லை என்று மிச்சக் காவியை அடித்தேன். அது சாமி இல்லை, என் அவசரம்.' நாலு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கலாம். கூட்டம் கலைந்திருக்கலாம். அவள் ஏறியிருக்க மாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நானும் ஏறியிருக்க மாட்டேன். எதற்கும் பொறுக்காதவன் அன்றைக்கு மட்டும் பொறுமையாக நின்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சுருவோம்" என்று ஹெட்மாஸ்டர் எங்களிடம் கிசுகிசுத்தார். "பொம்பளைங்க, குழந்தைங்க வந்திருக்காங்க. அப்பறமா மனு எழுதிக் கேப்போம்." கல்லுடைக்கிறவரிடம் திரும்பி, "நீ அடுத்த வாரம் வாப்பா" என்றார். அடுத்த வாரம் மட்டும் கல் எங்கே போய்விடும் என்று அவர் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு பார்வை.

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

மேலே எல்லோரும் சுனையில் கால் நனைத்தார்கள். புளிச்சோறு பிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் பொதுத்தொண்டு பற்றிப் பேசினார். நான் பாறை விளிம்பில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். புளியந்தோப்பின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது நகரவில்லை. முகம் தெரியவில்லை, ஆனால் மேலேதான் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கையில் கொடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். சாண் உயரப் படிகளில் இரண்டிரண்டாகத் தாண்டினேன். தோப்புக்கு வந்தபோது ஒருவரும் இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மேஜைக்கு அடியிலிருந்த பச்சைப் பெயிண்ட் டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேரிக்குப் போனேன். அதற்கு முன்னால் அங்கே போனதில்லை. அவர் வீட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கொட்டினேன். வடக்குப் பக்கமாக வேறு பாதை போடலாம், நானும் அவரும் மட்டும் போதும், மாசிக்குள் முடித்துவிடலாம், பச்சைப் பெயிண்டில் அடையாளம் போடலாம், பச்சையை யாரும் கும்பிட மாட்டார்கள்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"பூசாதீங்க. எதையும் பூசாதீங்க."

சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. போவதா நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். அப்போது அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"அய்யா மேல போனீங்கள்ல. எங்க ஊரு தெரிஞ்சுச்சாங்க?"

"தெரிஞ்சுது தாயி" என்றேன், யோசிக்காமல். "நல்லாத் தெரிஞ்சுது. கண்மாய், ஆலமரம் எல்லாம்."

"கம்மாயில தண்ணி கெடக்காங்க?"

"நெறையக் கெடக்கு. பளபளன்னு கெடக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கார்த்திய மழையில கம்மா ஒடஞ்சு தண்ணி பூரா வெளிய போயிருச்சுங்க. சந்தையில எங்க அண்ணன் ஒளிஞ்சு வந்து சொல்லிட்டுப் போச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க பாக்கவே இல்லீங்களா?"

பார்க்கவே இல்லை. வடக்கே முகத்தைத் திருப்பவே இல்லை. உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் தாயி என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. "இல்ல தாயி. பாக்கல" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் மலைக்குப் போனேன். கல்லின் முன்னால் நின்று ஒரு பட்டையைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பார்த்தேன். மேலே பூசியிருந்த திருநீறுதான் போயிற்று. காவி பாறைக்குள் இறங்கிவிட்டது. கடுக்காய்ச் சாறு நன்றாகவே வேலை செய்திருந்தது. உச்சிக்கு ஏறினால் வடக்கே ஒரே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை நின்றேன், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கினேன். அதற்கு மறுநாளும் மூட்டம். அதற்கு மறுநாள் ஆபீஸ் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுசில் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பத்து மணி வாக்கில் மூட்டம் கலைந்தது.

தெரிந்தது. ஆலமரம் தெரிந்தது. கண்மாய் காய்ந்த சேறாகக் கிடந்தது. கரையில் இரண்டு இடத்தில் வெட்டுப் பட்டது மாதிரி உடைப்பு. பெரிய உடைப்புக்குப் பக்கத்தில் கருப்புக் கருப்பாக எறும்பளவுக்கு மனிதர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மண் போட்டு அடைக்கிறார்கள் போலிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்துவிட்டு நேராகச் சேரிக்குப் போனேன்.

அவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் மட்டும் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பார்த்ததை மட்டும், பார்த்தபடியே சொன்னேன். ஆலமரம் நிற்கிறது, கரை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஆட்கள் மண் போடுகிறார்கள் என்று. அவள் சுள்ளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"எங்க அப்பன் நின்னாருங்களா, அந்த ஆளுகள்ல?"

"அவ்வளவு தூரத்துல ஆளு அடையாளம் தெரியாது தாயி. எறும்பு மாதிரிதான் தெரியுது. யாரு பாத்தாலும் தெரியாது."

அவள் சுள்ளியை எடுத்து ஒடிக்கத் தொடங்கினாள்.

"நான் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்க" என்றாள்.